வைக்கிங் கற்கள்: எது கல்லறை, எது கல்லறை இல்லை

இணையத்தில் அடிக்கடி வலம் வரும் படம் ஒன்று உண்டு. பச்சைப் புல்வெளியின் நடுவே ஆளுயரக் கருங்கல். அதன்மேல் பாம்பைப் போல் வளைந்தோடும் சிவப்புப் பட்டை; பட்டைக்குள் குச்சி குச்சியாக எழுத்துகள். கீழே குறிப்பு: “வைக்கிங் போர்வீரனின் கல்லறை.” இன்னும் துணிந்தவர்கள் அந்தச் சிவப்பை ரத்தம் என்பார்கள், ஓடின் கடவுளுக்கு இட்ட பலி என்பார்கள்.

படம் உண்மையானது, குறிப்பில்தான் கோளாறு. அந்தக் கல்லின் அடியில் பெரும்பாலும் யாரும் புதைக்கப்பட்டிருக்கவில்லை. யாருடைய நினைவாக அது எழுப்பப்பட்டதோ, அவர் வாளே எடுக்காத பண்ணைக்காரராக இருக்கலாம், ஒரு வீட்டுத் தலைவியாகவும் இருக்கலாம். ஸ்வீடன் நாட்டுக் கல் என்றால் எழுப்பியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். சிவப்போ நம் காலத்தில் பூசப்பட்ட சாயம்.

செதுக்கிய கல்லால் ஆன கல்லறைகள் வைக்கிங் காலத்தில் இல்லாமல் இல்லை. நன்றாகவே இருந்தன, அழகாகவும் இருந்தன. ஆனால் அவை வேறு கற்கள். அவற்றின் படங்கள் இந்த அளவுக்குப் பரவுவதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் காலத்தைச் சொல்லிவிடலாம். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நிலங்களைச் சேர்ந்தவர்கள் கடல் கடந்து கொள்ளை, வணிகம், குடியேற்றம் என மூன்றையும் நடத்திய காலமே வைக்கிங் காலம். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடாலயம் தாக்கப்பட்ட 793இல் தொடங்கி, 11ஆம் நூற்றாண்டின் இறுதி வரை என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

பேருந்து நிழற்குடையில் ஒரு பெயர்

நெடுஞ்சாலை ஓர நிழற்குடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் கல்வெட்டு: “அமரர் இன்னாரின் நினைவாக, அவருடைய மகன்கள் இன்னார், இன்னார், இன்னார் கட்டியது.” இறந்தவர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. அவர் அடக்கமான இடம் வேறு எங்கோ இருக்கும். நிழற்குடை சாலையோரத்தில் இருப்பதற்குக் காரணம், அங்கேதான் நாலு பேர் பார்ப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: செத்தவரின் பெயர் ஒன்று, கட்டியவர்களின் பெயர்கள் மூன்று.

புல்வெளியில் நிற்கும் அந்த வைக்கிங் கல்லும் இந்த வகைதான். அதற்கு ரூன் கல் என்று பெயர். ரூன் என்பது வட ஐரோப்பிய மக்கள் இலத்தீன் எழுத்துக்கு முன்பிருந்து கையாண்ட எழுத்து முறை. அந்த எழுத்துகள் பொறித்த நினைவுக்கல் ரூன் கல். ஸ்வீடனில் மட்டும் 2,500க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே விரியும் உப்லாந்து என்ற ஒரே மாகாணத்தில் இருக்கின்றன. டென்மார்க்கில் சில நூறு. நார்வேயில் இன்னும் குறைவு. ஸ்வீடன் கற்களில் பெரும்பகுதி 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதாவது வைக்கிங் காலத்தின் கடைசிக் கட்டம்.

அவற்றின் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: “இன்னாரும் இன்னாரும் தங்கள் தந்தை இன்னாரின் நினைவாக இந்தக் கல்லை எழுப்பினார்கள். கடவுள் அவர் ஆன்மாவுக்கு உதவட்டும்.” எழுப்பியவர் பெயர் முதலில், இறந்தவர் பெயர் பிறகு.

கற்கள் இருந்த இடமும் இதையே காட்டுகிறது. சாலையோரம், ஆற்றைக் கடக்கும் இடம், ஊர்க் கூட்டம் கூடும் திடல், சதுப்பு நிலத்தின் மேல் போட்ட பாதை. பழைய குடும்ப இடுகாட்டின் ஓரத்திலும் சில நிற்பதுண்டு. அங்கும் குறிப்பிட்ட ஒரு குழியின் தலைமாட்டில் நட்ட கல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கல் பேசும் குடும்ப விவகாரங்கள்

கல்லறை இல்லை என்று சான்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது யார்லாபாங்கேவின் கற்களைத்தான். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே டேபி என்ற ஊரில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிலக்கிழார் இவர். சதுப்பின் குறுக்கே சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு மேடான பாதை போட்டு, அதன் இரு முனைகளிலும் கற்களை நிறுத்தினார். வாசகம் இது: “யார்லாபாங்கே உயிரோடிருக்கும்போதே தன் நினைவாக இந்தக் கற்களை எழுப்பினான், தன் ஆன்மாவுக்காக இந்தப் பாலத்தைச் செய்தான். டேபி முழுவதையும் தனியாக உடைமையாகக் கொண்டிருந்தான். கடவுள் அவன் ஆன்மாவுக்கு உதவட்டும்.” பாதை போடுவது புண்ணியம் என்று அக்காலத் திருச்சபை சொன்னது. அந்தப் புண்ணியத்தோடு சேர்த்து, ஊரே தன் சொத்து என்பதையும் போகிற வருகிறவர்கள் படிக்கும்படி எழுதி வைத்துவிட்டார் மனிதர். சாகாதவருக்கு ஏது கல்லறை?

கிரிப்ஸ்ஹோம் கோட்டை அருகே நிற்கும் கல், தோலா என்ற தாய் தன் மகன் ஹரால்டுக்காக எழுப்பியது. “பொன்னைத் தேடி அவர்கள் ஆண்மையுடன் தொலைதூரம் சென்றார்கள், கிழக்கில் கழுகுக்கு இரை கொடுத்தார்கள், தெற்கே செர்க்லாந்தில் இறந்தார்கள்” என்கிறது அது. கழுகுக்கு இரை கொடுப்பது என்றால் போரில் எதிரிகளைக் கொன்று போடுவது. செர்க்லாந்து என்பது அவர்கள் இஸ்லாமிய நாடுகளைக் குறித்த பெயர். இங்வர் என்பவர் தலைமையில் கிழக்கே போய்த் திரும்பாத ஒரு படையைப் பற்றி இப்படி 25 கற்களுக்கும் மேல் உள்ளன. உடல் எங்கோ, கல் தாயின் ஊரில்.

ஆனால் போர்க் கற்களைவிட எனக்குப் பிடித்தது ஹில்லர்ஷோ பொறிப்பு. அதை நட்டு வைக்கவே இல்லை. மேலாரன் ஏரித் தீவு ஒன்றில் தரையோடு கிடக்கும் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். “வாசி!” என்ற கட்டளையோடு தொடங்கி, ஒரு குடும்பத்தின் சாவுகளை வரிசையாகச் சொல்கிறது. கெர்லோக் என்ற பெண் இளம் வயதில் கெயர்முண்டை மணந்தாள். ஒரு மகன் பிறந்தான். கணவன் நீரில் மூழ்கி இறந்தான், பிறகு மகனும் போனான். அவள் குத்ரிக்கை மறுமணம் செய்தாள். பிள்ளைகள் பிறந்தன, இங்கா என்ற ஒரு பெண் மட்டுமே பிழைத்தாள். இங்காவை ராக்ன்ஃபாஸ்ட் மணந்தான். அவனும் இறந்தான், அவர்கள் மகனும் இறந்தான். மகனின் சொத்து இங்காவுக்கு வந்தது. இங்கா எரிக்கை மணந்தாள், பிறகு அவளும் இறந்தாள். கடைசியில் எல்லாம் தாய் கெர்லோக்குக்குச் சேர்ந்தது. பொறித்தவர் பெயரும் இருக்கிறது: தோர்பியோர்ன்.

இதை இரங்கற்பா என்று படிக்கலாம். சொத்துப் பத்திரம் என்றும் படிக்கலாம். நிலம் யாரிடமிருந்து யாருக்கு எந்த வழியில் வந்தது என்பதை, எவரும் தூக்கிக்கொண்டு போக முடியாத பாறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இடையில் வரும் இங்காவே, கணவன் ராக்ன்ஃபாஸ்டின் நினைவாக நான்கு கற்கள் எழுப்பியவள். அத்தனையும் துக்கத்தால் மட்டும் வந்தவை என்று நம்ப எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

துக்கம் மட்டுமே தெரியும் கற்களும் இல்லாமல் இல்லை. ஹஸ்மீரா என்ற பண்ணையில் ஒரு கணவர் தன் மனைவி ஓடின்தீசாவுக்கு எழுதியது: “பண்ணையைப் பேணுவதில் இவளைவிடச் சிறந்த இல்லத்தலைவி ஹஸ்மீராவுக்கு வரப்போவதில்லை.”

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். ரூன் கல் என்பது பொதுவெளியில் வைத்த அறிவிப்பு. இறந்தவரை நினைவுகூர்கிறது, எழுப்பியவரை ஊருக்கு அறிமுகப்படுத்துகிறது, சில நேரம் வாரிசுரிமையையும் சொல்லிவிடுகிறது. பிணத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு வேண்டியதில்லை.

பாம்பைப் பிடித்துப் படிப்பது

வைக்கிங் காலத்து ரூன் வரிசையில் 16 எழுத்துகளே உண்டு. அதற்கு முந்தைய வரிசையில் 24 இருந்தன; மொழியின் ஒலிகள் பெருகிய காலத்தில் எழுத்துகள் குறைந்தது வேடிக்கைதான். இதனால் க என்ற வல்லொலிக்கும் அதன் மெல்லிய ஒலிப்புக்கும் ஒரே எழுத்து; த, ப வகைகளுக்கும் அப்படியே. ஐரோப்பியர் பலருக்கு இது தலைவலி. ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் ஒரே ககரத்தை எழுதி, வெவ்வேறாக ஒலித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்காது.

11ஆம் நூற்றாண்டுக் கற்களில் எழுத்து ஓடும் பட்டையே ஒரு பாம்பின் உடல். வாசிப்பு பெரும்பாலும் பாம்பின் தலையிலிருந்து தொடங்கி வாலை நோக்கிச் செல்லும். சொற்களுக்கு இடையே சிறு சிலுவைக் குறியோ புள்ளிகளோ வரும். நடுவில் வெற்றிடம் இருந்தால் அங்கே ஒரு பெரிய சிலுவை. பாம்பைப் பார்த்ததும் பழைய மதம் என்று முடிவு கட்டுபவர்கள் இந்தச் சிலுவையைக் கவனிப்பதே இல்லை. திருமுழுக்கு உடையான வெள்ளை ஆடையில் இறந்துபோனவர் என்று குறிப்பிடும் கற்கள்கூட உப்லாந்தில் சில உண்டு. மதம் மாறிய உடனேயே, அல்லது சாகும் தறுவாயில் மாறி, இறந்தவர்கள் அவர்கள்.

செதுக்கியவர்கள் கைதேர்ந்த தொழில்காரர்கள். ஓபிர் என்பவர் மட்டும் சுமார் 50 கற்களில் கையெழுத்திட்டிருக்கிறார். வெட்டு அதிக ஆழமில்லை. வண்ணம்தான் அதை எடுத்துக்காட்டியது. “ரூன்களால் சிவப்பேறிய இந்தக் கற்கள் இங்கே நிற்கும்” என்று ஸ்வீடன் கல் ஒன்றே சொல்கிறது. ஓலாந்து தீவில் ஒரு தேவாலயத்தில் கிடைத்த துண்டுகளில் சிவப்பு, கறுப்பு, வெள்ளைச் சாயங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரத்தம் பூசினார்கள் என்ற கதைக்கு வேலையே இல்லை. இன்று வெளியில் நிற்கும் கற்களின் சிவப்பு, எழுத்து தெரிவதற்காகத் தொல்லியல் துறையினர் காலந்தோறும் புதுப்பிக்கும் பூச்சு.

அப்படியானால் உடல் எங்கே?

கிறிஸ்தவம் வருவதற்கு முன் பெரும்பாலோரை எரித்தார்கள், சிலரைப் புதைத்தார்கள். சாம்பலோ உடலோ, பண்ணைக்கு அருகிலிருந்த குடும்ப இடுகாட்டில் இருந்தது. அடையாளம் ஒரு மண்மேடு, அல்லது வரிசையாக நட்ட செதுக்காத கற்கள். டென்மார்க்கின் ஓல்போர்க் நகருக்கு எதிரே லிண்ட்ஹோல்ம் ஹோயி என்ற மேட்டில் சுமார் 700 கல்லறைகள் உள்ளன. பலவற்றைச் சுற்றி முட்டை வடிவத்திலும் கப்பல் வடிவத்திலும் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. காற்று அடித்து வந்த மணல் மூடியதால் அவை தப்பின. அங்கே உளி பட்ட கல் ஒன்றும் இல்லை. அது யாருடைய மேடு என்று பண்ணையில் இருந்தவர்களுக்குத் தெரியும். எழுதி வைக்கத் தேவை எழவில்லை.

விதிவிலக்கு இருக்கிறது, மறைக்கக் கூடாது. டென்மார்க்கின் பழைய ரூன் கற்களில் சில இறந்தவரிடமே பேசுகின்றன. 9ஆம் நூற்றாண்டின் கோர்லேவ் கல், “இந்த நினைவுச்சின்னத்தை நன்றாக அனுபவி” என்கிறது. பேசும் தூரத்தில் இறந்தவர் இருக்கிறார் என்ற எண்ணம் இல்லாமல் இப்படி எழுத மாட்டார்கள். கிளாவென்ட்ரூப் கல் சுமார் 60 மீட்டர் நீளமுள்ள கப்பல் வடிவக் கல்வரிசையின் முனையில் நிற்கிறது. தோர் கடவுளை அழைத்துவிட்டு, இந்தக் கல்லைச் சேதப்படுத்துபவனையும், இழுத்துச் சென்று வேறொருவர் நினைவுக்கு நிறுத்துபவனையும் சபிக்கிறது. நினைவுக்கல் திருட்டு அன்றே இருந்திருக்கிறது என்பது இதில் கிடைக்கும் உபரிச் செய்தி.

எல்லோருக்கும் தெரிந்த யெல்லிங் கல்லையும் இங்கே பார்த்துவிடலாம். டென்மார்க் அரசர் ஹரால்ட் புளூடூத் 965 வாக்கில் எழுப்பியது; உங்கள் கைப்பேசியில் இருக்கும் புளூடூத் சின்னம் அவர் பெயரின் இரண்டு ரூன் எழுத்துகளைப் பின்னியதுதான். தந்தை கோர்ம், தாய் தைரா ஆகியோரின் நினைவாக என்று தொடங்கும் வாசகம், “டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்று, டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கிய ஹரால்ட்” என்று தன்னைப் பற்றியே முடிகிறது. கல்லின் ஒரு முகத்தில் கொடிகளுக்கு நடுவே கைவிரித்து நிற்கும் கிறிஸ்து. கல் நிற்பது இரண்டு மாபெரும் மண்மேடுகளின் நடுவில். வடக்கு மேட்டுக்குள் 958 வாக்கில் வெட்டிய மரங்களால் ஆன அறை உண்டு. 1820இல் அதைத் திறந்தபோது உடல் இல்லை. ஆக, இங்கேயும் கல்லறை என்ற வேலையைச் செய்தது மண்மேடுதான்; கல் செய்தது அரசியல்.

தேவாலய முற்றமும் கல்பெட்டியும்

செதுக்கிய கல் கல்லறை ஸ்காண்டிநேவியாவுக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை, புதைக்கும் இடம் மாறியதில் இருக்கிறது. தேவாலயம் கட்டப்பட்டதும் பண்ணை இடுகாடு கைவிடப்படுகிறது. எல்லோரும் ஒரே முற்றத்தில் புதைக்கப்படுகிறார்கள். அடுத்தடுத்த குழிகள், வேறு வேறு குடும்பங்கள். மண்மேடு எழுப்ப அங்கே இடமில்லை. நம்மவர் எந்தக் குழியில் இருக்கிறார் என்று காட்ட வேண்டுமானால், அந்தக் குழியின் மேலேயே ஏதாவது வைக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் கல்லை வைத்தார்கள்.

அப்படிப் பிறந்தவைதான் 11ஆம் நூற்றாண்டின் கல்பெட்டிகள். இரண்டு நீளப் பக்கப் பலகைகள், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உயரமான இரண்டு முனைப் பலகைகள், மேலே ஒரு மூடி. எல்லாம் சுண்ணாம்புக்கல்லிலோ மணற்கல்லிலோ இழைத்தவை. எஸ்கில்ஸ்தூனா நகரில் 1912இல் கிடைத்த ஒன்றை வைத்து இந்த வகைக்கு எஸ்கில்ஸ்தூனா பெட்டி என்று பெயர் வந்தது. ஆனால் இவை மிகுதியாகக் கிடைப்பது ஓஸ்டர்யோட்லாந்து, வெஸ்டர்யோட்லாந்து மாகாணங்களில். பெட்டி என்றதும் உள்ளே உடல் இருந்ததாக நினைக்க வேண்டாம். உடல் மண்ணுக்குள், பெட்டி அதன்மேல் வைத்த வெற்று அடையாளம். அலங்காரம் ரூன் கல்லில் பார்த்த அதே பாம்பும் கொடியும். வாசகத்தில்தான் மாற்றம்: கல்லை ‘எழுப்பினார்கள்’ என்பதற்குப் பதில், இன்னார் ‘மேல் வைத்தார்கள்’ என்று வரத் தொடங்குகிறது.

கோட்லாந்து தீவிலும் இப்படிச் செதுக்கிய கல்பெட்டிகள் உண்டு. லிக்னாட்டின் மகன்கள் அய்லிக்ன் என்ற பெண்ணுக்குச் செய்தது அவற்றில் ஒன்று. 

லண்டனிலும் ஒன்று கிடைத்தது. 1852இல் புனித பவுல் பேராலய வளாகத்தின் தெற்குப் பக்கத்தில் தோண்டியபோது, உடலை முறுக்கித் திரும்பிப் பார்க்கும் விலங்கு செதுக்கிய சுண்ணாம்புக்கல் பலகை வெளிப்பட்டது. டென்மார்க்கின் கனூட் இங்கிலாந்தை ஆண்ட 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. ஓரத்தில் ரூன் எழுத்து: “கின்னாவும் தோகியும் இந்தக் கல்லை வைக்கச் செய்தார்கள்.” இறந்தவர் பெயர் இந்தப் பலகையில் இல்லை.

இங்கிலாந்தின் கல் வீடுகள்

ஸ்காண்டிநேவியாவில் இந்தப் பெட்டிகள் வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்து குடியேறிய வைக்கிங்குகள் இன்னொரு வகையை உருவாக்கிவிட்டார்கள். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவற்றை ஹாக்பேக் என்பார்கள்: ஒன்றரை மீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும், நடு முதுகு உயர்ந்த கல். ஓடு வேய்ந்த கூரை, அதன் கீழே சுவர் என்று ஒரு வீட்டின் வடிவம். இரு முனைகளிலும் கரடி போன்ற விலங்குகள் கூரையைக் கவ்விப் பிடித்திருக்கும். யார்க்‌ஷையரின் பிராம்ப்டன் கற்களில் அந்தக் கரடிகள் அவ்வளவு தெளிவு, வாய்ப்பூட்டுகூடத் தெரிகிறது. ஸ்காட்லாந்தின் கவன் தேவாலயத்தில் ஐந்து பெரிய ஹாக்பேக்குகள் உள்ளன.

வைக்கிங் வைக்கிங் என்று இவற்றைச் சொன்னாலும், வைக்கிங்குகளின் தாய்நாட்டில் ஒன்றுகூட இல்லை. வட இங்கிலாந்தில் நிலம் பிடித்துக் குடியமர்ந்தவர்கள், தேவாலய முற்றத்தில் செதுக்கிய கல் வைக்கும் உள்ளூர் வழக்கத்தைக் கண்டார்கள். அதைத் தங்கள் கூடத்தின் வடிவத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். பிறந்த ஊரில் இல்லாத வழக்கம் பிழைக்கப்போன ஊரில் பிறந்தது.

ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவில் இந்தக் கலப்பு பெயர்களிலேயே தெரியும். அங்கே வழக்கம் சிலுவைக் கற்பலகை. ஒன்றில், அயர்லாந்துப் பக்கத்துக் கெல்டியப் பெயர் கொண்ட மேல்பிரிக்டே என்பவர் எழுப்பியதாக ஸ்காண்டிநேவிய மொழியில், ரூன் எழுத்தில் இருக்கிறது. செதுக்கிய கவுட் அடியில் சேர்த்துக்கொண்டார்: “இதையும் மான் தீவில் உள்ள எல்லாவற்றையும் கவுட் செய்தான்.” விளம்பரம் என்றால் இது.

குழப்பம் எங்கிருந்து வந்தது

சாலையோரக் கல் நினைவுக்கும் அறிவிப்புக்கும். கல்பெட்டியும் ஹாக்பேக்கும் கல்லறைக்கு. இவ்வளவு தெளிவாகப் பிரியும் இரண்டு வகைகள் கலந்துபோனதற்கு ஒரு காரணம் மக்களின் அசட்டை. பெரிய காரணம், எது தப்பிப் பிழைத்தது என்பது. ரூன் கல் பெரும்பாலும் உருண்டு திரண்ட கருங்கல். அதைத் தூக்கி எடுத்துப் பயன்படுத்துவது சிரமம். அப்படியும் சில சிக்கின: தோலாவின் கல்லே கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் வாசற்படியாகக் கிடந்து, 1820களில்தான் அடையாளம் காணப்பட்டது. கல்பெட்டியோ தட்டையான, நேராக இழைத்த பலகைகள். கொத்தனாருக்கு அதைவிட வசதியான பொருள் வேறு இல்லை. மரத் தேவாலயங்களை இடித்துக் கல்லால் கட்டத் தொடங்கிய 12ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும், முற்றத்தில் கிடந்த பெட்டிகளை உடைத்துச் சுவரிலும் தரையிலும் பதித்துவிட்டார்கள். முழுப் பெட்டி கிடைப்பது அரிது. பழுதுபார்க்கும்போது பூச்சுக்குப் பின்னாலிருந்து கையளவு துண்டுகள் வெளிப்படுகின்றன. புகைப்படக்காரர் புல்வெளியில் நிற்கும் முழுக் கல்லைத்தான் எடுக்கிறார். படத்தைப் பகிர்கிறவர் அதன் கீழே “கல்லறை” என்று எழுதிவிடுகிறார்.